நாலாவது செக்‌ஷனுக்கு என்ன சொன்னாய்?

அன்புள்ள தாயி,

போனில் பேசினால் பாதியில் சிக்னல் போய்விடுகிறது, மீதியில் நீ அழுதுவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் நாலு நாள். உங்க அப்பா படகுக்குப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டு வலையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஏப்ரல் 15-இலிருந்து வீட்டில் இருந்துகொண்டு என் குழம்பில் குறை கண்டுபிடித்ததுதான் அவர் பார்த்த பெரிய வேலை. தென்கடலில் கச்சான் காற்று வீசுகிறது. வடகடல் குளம் மாதிரி கிடக்கிறது.

நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். ஏழாம் வகுப்புக் கணக்கு, நாலு செக்‌ஷன், ஒரே பாடம் நாலு தரம். ஸ்மார்ட் போர்டில் எல்லாம் தயாராக வந்துவிடுகிறது. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் டியூஷன் போகிறார்கள். நீ எப்படி நடத்தினாலும் மார்க் வந்துவிடும். திட்டவும் ஆள் இல்லை, பாராட்டவும் ஆள் இல்லை. "நல்லா நடத்தி என்னம்மா ஆகப்போகுது" என்றாய். கலாம் பெயரைச் சொல்லி உபதேசம் பண்ண மாட்டேன், பயப்படாதே. ராமேசுவரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது காது புளித்த கதை.

என் கதை ஒன்று இருக்கிறது, உனக்குச் சொன்னதில்லை. என் முதல் பள்ளி ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை நான், நாலும் ஐந்தும் தலைமையாசிரியர். ஆறேழு வருடம் போனதும் எனக்கும் இந்த நோய் வந்தது. முந்தின வருடப் பாடக்குறிப்பைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றி எழுதினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி, "கையெழுத்து முத்து முத்தா இருக்கு டீச்சர்" என்று சொல்லிப் பச்சை மையில் ஒப்பம் போட்டுவிட்டுப் போனார். அப்போது சிரிப்பு வந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த வருடம் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். அவள் அம்மா தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவள். 52-இல் 27 போனால் 35 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்தேன். வருடா வருடம் யாராவது இந்த 35-ஐ எழுதும், நானும் வருடா வருடம் "கடன் வாங்கு, கடன் வாங்கு" என்று கத்துவேன். அன்றைக்குச் சாயங்காலம் அதே பெண் அவள் ஆச்சியோடு உட்கார்ந்து நெத்திலிக் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். 27 ரூபாய் ஆனது. சில்லறை சுலபமாக இருக்கட்டும் என்று 52 ரூபாயைக் கொடுத்தேன். கண் இமைக்கும் முன்னால் 25-ஐ எடுத்து நீட்டிவிட்டாள். எப்படித்தா என்றேன். "இருபத்தேழோட மூணு சேந்தா முப்பது. அங்கேருந்து அம்பதுக்கு இருபது. மேல ரெண்டு." காலையில் நான் நடத்தியதற்கும் அவள் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை.

வீட்டுக்கு வந்து அவள் நோட்டை மறுபடி பார்த்தேன். ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ஏழில் இரண்டு போனால் ஐந்து. எந்த இடமானாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்திருக்கிறாள், அதை ஒழுங்காகப் பின்பற்றியும் இருக்கிறாள். அத்தனை வருடமும் நான் விடையை அடித்தேனே தவிர விதியைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தினம் ஒரு தப்பு. யார் என்ன எழுதினார்கள், ஏன் அப்படி எழுதியிருப்பார்கள். யாரும் கேட்காத நோட்டு, யாரும் ஒப்பம் போடாத நோட்டு. சில நாள் ஒரு வரிதான், சில நாள் வெறும் தேதி. ஆனால் காலையில் பஸ் ஏறும்போது, இன்றைக்கு என்ன அகப்படும் என்று ஒரு எதிர்பார்ப்பு வந்துவிட்டது.

உனக்கு என்னைவிட வசதி இருக்கிறது. ஒரு பாடத்தை நான் ஒரு தரம் சொதப்பினால் அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும். நீ அன்றைக்கே மூன்று தரம் திருத்தலாம். தசமம் நடத்துகிறாய் அல்லவா? 0.45 பெரிதா 0.6 பெரிதா என்று கேள். 0.45 என்று சொல்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள், டியூஷன் போகிறவர்கள்கூட. விடையைச் சொல்லாமல் காரணத்தைக் கேள். முதல் செக்‌ஷனில் கேட்டதை வைத்து இரண்டாவதில் ஒரே ஒரு விஷயத்தை மாற்று. ஒன்றுக்கு மேல் மாற்றாதே, எதனால் விளங்கியது என்று தெரியாமல் போய்விடும்.

அப்புறம், கேட்டுவிட்டுச் சும்மா இரு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே கவனித்துச் சொன்ன விஷயம் இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தாலே பிள்ளைகள் இன்னும் நீளமாக, யோசித்துப் பதில் சொல்கிறார்கள். பயிற்சியில் இதைக் கேட்டுவிட்டு வந்து உங்க அப்பாவிடம் சொன்னேன். "தூண்டில் போட்ட உடனே இழுத்தா என்னடி மாட்டும்? இதுக்கு அமெரிக்காவுலேருந்து ஆள் வரணுமா?" என்றார். போனை மேசையில் வைத்து உன் வகுப்பைப் பத்து நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார். நான் ஒரு தரம் டேப்ரிக்கார்டரில் கேட்டேன். என் குரலைத் தவிர வேறு யார் குரலும் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படி என்று மாமா சொல்வது சரிதான். படி, சம்பளம் முக்கியம். இந்தப் பள்ளியை விட்டுப் போனாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் படிப்பு உன் வகுப்பறைச் சலிப்பைத் தீர்க்கும் என்று நினைக்காதே, அது வேறு கணக்கு. இந்த நோட்டும் எல்லா நாளும் கைகொடுக்காது. எனக்கே நடுவில் ஒரு வருடம் பூராவும் எழுதப் பிடிக்காமல் கிடந்தது.

14-ஆம் தேதியோடு தடை முடிகிறது. நெத்திலி பட்டால் காயவைத்து அனுப்புகிறேன். உன் அறைத் தோழி மூக்கைப் பிடிப்பாளே, அவளுக்கும் சேர்த்து.

0.45 என்று சொன்ன பிள்ளைகள் என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுது. எனக்கு இரண்டு காரணம் தோன்றுகிறது. இப்போது சொல்ல மாட்டேன்.

அம்மா