வாங்கும் முன் ஒன்று செதுக்கிப் பார்

அன்பு மகள் மலருக்கு,

தூண்டிலோடு ஏரிக்குப் போக ஆரம்பித்திருக்கிறாய் என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் லூரை, அதாவது மீனை ஏமாற்றும் பொய் இரையை, கடையில் வாங்காதேம்மா. நீயே செதுக்கு.

பின்லாந்தில் நீ இருக்கும் யுவாஸ்குலா, பையான்னே ஏரிக்கரை ஊர். அந்த ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்த லௌரி ரபாலாதான் 1936-ல் தக்கையைச் செருப்புத் தைக்கிறவர் கத்தியால் செதுக்கினார். சாக்லேட் சுற்றிவரும் மினுக்குத்தாளை மேலே ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசினார். கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் குஞ்சைத்தான் பெரிய மீன் அடிக்கிறது என்று அவர் கவனித்திருந்தார். அந்தத் தள்ளாட்டத்தை மரத்தில் கொண்டுவருவதுதான் முழு வேலையும். வர்ணம் எல்லாம் அப்புறம்.

உடைந்த கட்டிலின் பைன் சட்டமோ மாப் கட்டையோ கிடைத்தால் போதும். புன்னைக்காயல் முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு நான் வீசுவதெல்லாம் மாப் கட்டைதான். தேக்கு வேண்டாம், கனம். ஒன்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, வாலை ஒடுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதில் அவசரப்படாதே.

வயிற்றில் மூக்கிலிருந்து வால்வரை ஆக்ஸா பிளேடால் ஒரு பள்ளம் அறுத்து, துருப்பிடிக்காத கம்பி ஒன்றை முழுநீளத்துக்குப் பதி. மூக்கிலும் வயிற்றிலும் வாலிலும் வளையம் வெளியே தெரியட்டும். சின்னத் திருகு வளையத்தைப் பெரிய மீன் பிடுங்கிக்கொண்டு போய்விடும், ஒரே கம்பி என்றால் மரம் பிளந்தாலும் மீன் நழுவாது. அதே பள்ளத்தில், நடுவுக்குச் சற்று முன்னால், எடைக்குச் சின்ன நட்டு ஒன்றை வைத்து அரால்டைட் பசையால் மூடு. ஈயம் உருக்கவே கூடாது, அந்தப் புகை விஷம்.

மூக்குக்கு அடியில் நீட்டி நிற்கும் தகடுதான் தாடை, அதற்குப் பழைய சிடி. வெந்நீரில் ஊறவைத்தால் விரிசல் விடாமல் கத்தரிக்கலாம். வெள்ளிப்பூச்சை டேப் ஒட்டி உரித்துவிடு. தாடையைச் செங்குத்தாக நிறுத்தினால் மேல்தண்ணீரிலேயே அகலமாக ஆடும், உடம்போடு ஒட்டி முன்னே நீட்டினால் ஆழம் போகும். முதலில் இரண்டுக்கும் நடுவில் வை.

ஒரு பூச்சு வார்னிஷ் அடித்துக் காய்ந்ததும், தூண்டில் முள்ளை மாட்டி வாளித் தண்ணீரில் விடு. முதுகு மேலே, வயிறு கீழே நிற்கிறதா பார். ஒரு பக்கம் சாய்ந்தால் நேராக நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிச் சரிசெய். ஏரியில் இழுக்கும்போது இடப்பக்கம் ஓடினால், மூக்கு வளையத்தை வலப்பக்கம் இம்மியளவு வளை. இது சரியாகும்வரை வர்ணத்தைத் தொடாதே. ஓடாத லூருக்கு எவ்வளவு அழகாகப் பூசினாலும் மீன் வராது. ஓடிவிட்டதா, அப்போது மாத்திரை அட்டையின் மினுக்குத்தாளை ஒட்டி, நகப்பூச்சால் முதுகைக் கறுப்பாக்கு. செதில் வேண்டுமென்றால் கொசுவலைத் துண்டைப் போர்த்தி மேலே ஸ்பிரே அடி.

முள்ளை மட்டும் கடையில் நல்லதாக வாங்கு. அங்கே பைக் என்ற மீன் தங்கூசி நைலான் நூலைப் பல்லாலேயே அறுத்துவிடும், அதனால் முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டாயம். லூர் வீச அங்கே கட்டணம் உண்டு, அதைக் கட்டிவிட்டுப் போ.

கண்ணுக்கு வைக்க உன் பழைய பாசிமணிகளை அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த பார்சலில் ஊறுகாயோடு வரும். வாளிச் சோதனையை வீடியோ எடுத்து அனுப்பும்மா.

அன்புடன்,
அப்பா