ஷெட் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தில் 22 பேர் வாங்கிய மின் ஆட்டோக்களுக்கான சார்ஜிங் ஷெட் வேலை முழுமையாக முடிந்துவிட்டது. யாரோ கிண்டலுக்கு 'ஷெட் திருப்பணி' என்று சொல்லப்போய் அதுவே பேராக நிலைத்துவிட்டதால் அறிக்கைக்கும் அதையே வைத்திருக்கிறோம். போன பொதுக்குழுவில் நேரம் போதவில்லை. அதற்கப்புறம் வாட்ஸப்பில் வந்ததை எல்லோரும் படித்தோம். ஒவ்வொரு வாய்ஸ் மெசேஜுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியாது. கேட்டதற்கெல்லாம் பதில் இதில் இருக்கிறது. முழுதும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

முதலில் வண்டி மானியம். கமிட்டி அதில் கைவைத்துவிட்டது என்ற சந்தேகம்தான் அதிகம்.

மானியப் பணம் ஒரு ரூபாய்கூடக் கமிட்டியின் கைக்கு வரவில்லை, வரவும் வராது. மின் வண்டிகளுக்கு மத்திய அரசு மானியம் தந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில், மானியத்தை ஷோரூமில் வண்டி விலையிலேயே கழித்துவிட்டார்கள். அந்தத் தொகையை அப்புறம் வண்டிக் கம்பெனி மத்திய அரசிடம் வாங்கிக்கொண்டது. வாங்குபவரின் ஆதாரை வைத்து இ-வவுச்சர், அதாவது மானியத்துக்கான டிஜிட்டல் சீட்டு, உருவானது. போனுக்கு லிங்க் வந்தது, கையெழுத்துப் போட்டு டீலரிடம் தந்தோம். செல்ஃபி எடுக்கச் சொன்னபோது நம்மில் சிலர் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக அரை மணி நேரம் போனது. இதில் கமிட்டி புகுந்து சுருட்ட எங்கே இடம் இருக்கிறது?

இரண்டாவது, முதலில் வாங்கிய 9 பேருக்கு ஒரு தொகை, பின்னால் வாங்கிய 13 பேருக்கு அதில் பாதி என்ற விவகாரம். திட்டம் 2024 அக்டோபர் 1-இல் தொடங்கியபோது நம் வகை வண்டிக்கு, அதாவது எல்5 மூன்று சக்கரத்துக்கு, பேட்டரியின் ஒரு கிலோவாட் ஹவருக்கு (பேட்டரி பிடிக்கும் ஒரு யூனிட் கரண்டுக்கு) 5,000 ரூபாய் மானியம். நாம் எடுத்த வண்டியின் பேட்டரி 8.9 கிலோவாட் ஹவர். ஆக, 44,500 ரூபாய் கழிந்தது. இந்த விலைக்கு நாடு முழுவதற்கும் ஒதுக்கியிருந்த 80,546 வண்டி நவம்பர் 7-ஆம் தேதியே தீர்ந்துபோனது. அடுத்த நிதியாண்டுக்கு வைத்திருந்த 2,500 ரூபாய் விகிதத்தை மறுநாளே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 13 பேருக்குக் கிடைத்தது 22,250. தீபாவளிக்கு முன்னால் எடுத்தவர்கள் தப்பித்தார்கள், தீபாவளி கழித்து எடுக்கலாம் என்று இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நடந்தது இவ்வளவுதான்.

'கமிட்டிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்' என்கிறார்கள். அந்த 9 பேரில் கமிட்டியைச் சேர்ந்தவர்கள் மூன்று பேர், உண்மைதான். பொருளாளரான நான் பின்னால் எடுத்த 13 பேரில் ஒருவன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? யாருக்கு முதலில் வண்டி என்பதை முடிவு செய்தது வங்கி. பழைய கடனை அடைத்து சிபில் (கடன் மதிப்பெண்) சுத்தமாக இருந்தவர்களுக்கு முதலில் சாங்ஷன் ஆனது. இரண்டு பேருக்குக் கடன் தயாராகியும் வவுச்சர் வரவில்லை. ஆதாரில் இருந்தது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பர். இ-சேவை மையத்துக்குப் போய் நம்பர் மாற்றி வருவதற்குள் 5,000 ரூபாய் மானியத்தின் கணக்கு மூடிவிட்டது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தைக் கமிட்டி மேல் காட்டினால் நாங்கள் என்ன செய்ய?

அந்த 9 பேரும் ஆளுக்குப் பத்தாயிரம் பொதுவில் போட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. கமிட்டி அதை ஏற்கவில்லை. அது அவரவர் ஆதாரில், அவரவர் வண்டிக்குக் கிடைத்த மானியம். அதில் கைவைக்கச் சங்கத்துக்கு உரிமை கிடையாது.

'ஃபேம் இருக்கும்போதே வாங்கியிருந்தால் கிலோவாட் ஹவருக்குப் பத்தாயிரம் கிடைத்திருக்குமே' என்பது இன்னொரு பேச்சு. கிடைத்திருக்கும். ஆனால் ஃபேம்-2, அதாவது இதற்கு முன்பிருந்த மத்திய அரசின் மானியத் திட்டம், முடிந்தது 2024 மார்ச் 31. அந்தத் தேதியில் நம்மில் ஒருவருக்குக்கூடக் கடன் சாங்ஷன் ஆகவில்லை. அதற்கப்புறம் வந்த ஆறு மாத இடைக்காலத் திட்டத்திலும் 5,000-தான். ஆக, அக்டோபர் வரை காத்திருந்ததால் நமக்கு நட்டம் ஏதும் இல்லை. சாலை வரி இல்லாமல் பதிவானது. பேட்டரி வண்டிக்குப் பர்மிட் வேண்டாம் என்று மத்திய அரசு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. பெட்ரோல் ஆட்டோ வைத்திருக்கும் சகோதரர்கள் 'பர்மிட் இல்லாத வண்டியை எப்படி ஸ்டாண்டில் விடலாம்' என்று பிரச்சினை செய்தபோது அந்த அறிவிப்பைத்தான் பிரிண்ட் எடுத்துக் காட்டினோம். அதோடு அது முடிந்தது.

மூன்றாவது கேள்வி: 'சார்ஜிங்குக்கு 2,000 கோடி என்று பேப்பரில் போட்டிருந்தானே, நம் ஷெட்டுக்கு ஏன் பத்துப் பைசா வரவில்லை?'

பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் மொத்தம் 10,900 கோடி. அதில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கு 2,000 கோடி என்பது சரிதான். ஆனால் அதை எப்படிக் கொடுப்பது என்ற வழிகாட்டுதல் வந்ததே 2025 செப்டம்பர் கடைசியில். அதற்குள் நம் ஷெட்டுக்குத் தகரம் போட்டாகிவிட்டது. வந்த பிறகும் பாருங்கள்: அரசு வளாகத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் முழுச் செலவும் கிடைக்கும். பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் மின் இணைப்பு வேலைக்கு 80 சதம், சார்ஜருக்கு 70 சதம். விண்ணப்பம் அரசின் நோடல் ஏஜென்சி (இதற்கென்று பொறுப்பு கொடுத்த அமைப்பு) வழியாகத்தான் போக வேண்டும். நம்முடையதோ ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குத்தகைக்கு விட்ட பழைய விறகுக்கடை மனை, உறுப்பினர் மட்டுமே சார்ஜ் போடும் இடம். எந்தக் கட்டத்திலும் நாம் அடங்கவில்லை. வண்டிக்கு மானியம் தந்த அரசு, அந்த வண்டி இரவில் நின்று சார்ஜ் ஏறும் இடத்தை நம் தலையிலேயே விட்டுவிட்டது. இது எங்கள் கருத்து. மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

'கரண்ட் விற்க லைசென்ஸ் வேண்டாமா' என்று கேட்டவருக்கு: வேண்டாம். வண்டிக்குச் சார்ஜ் போடுவது சேவை, மின்சார விற்பனை அல்ல என்று மத்திய மின்துறை 2018-லேயே சொல்லிவிட்டது.

இனி வேலைக்கு வருவோம். தூண், தகரம், சிமென்ட் தரை, கேட், கண்காணிப்புக் கேமரா எல்லாம் சொன்னபடி முடிந்தன. அவற்றில் குறை ஒன்றும் இல்லை.

குறை முழுவதும் எலக்ட்ரிக்கல் வேலையில்தான். ஒப்பந்தக்காரர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, எல்லோருக்கும் தெரியும். 12 பாயின்ட், ஒவ்வொன்றும் 16 ஆம்பியர், த்ரீ பேஸ் (மூன்று லைன்) இணைப்பு. பேஸுக்கு நான்காகப் பிரித்துப் போட வேண்டும் என்பது கொட்டேஷனிலேயே இருக்கிறது. முதல் வாரத்திலேயே ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒரு பக்கத்து எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக அணையும் சுவிட்ச்) தட்டிக்கொண்டே இருந்தது. காலையில் வந்து பார்த்தால் பாதி வண்டி முக்கால் சார்ஜோடு நிற்கும். சவாரிக்குக் கிளம்பியவர்கள் வாயில் வந்ததெல்லாம் கமிட்டிக்குத்தான் விழுந்தது. ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டால் 'உங்க வண்டி சார்ஜர்ல கோளாறு, கம்பெனிக்காரன கேளுங்க' என்றார். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு வண்டியில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். இதற்கிடையில் ஏழாம் நம்பர் சாக்கெட் கருகியது. பிளக்கைப் பிடுங்கினால் வரவில்லை. பின்னுக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக் உருகிச் சாக்கெட்டோடு ஒட்டியிருந்தது, ஒரு பின் பழுப்பேறி லேசாக வளைந்திருந்தது. அந்த பிளக் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவரை அழைத்து வந்தோம். போர்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். ஆர் பேஸ் எனும் முதல் லைனில் ஏழு பாயின்ட், அடுத்ததில் மூன்று, கடைசியில் இரண்டு. கேபிள் இழுக்கச் சுலபமாக இருந்த பக்கமே பெரும்பாலானவற்றை ஒப்பந்தக்காரர் சொருகியிருக்கிறார். ஏழு வண்டியும் ஒரே நேரத்தில் இழுத்தால் தொண்ணூறு ஆம்பியர். அந்தப் பேஸுக்கு வைத்திருந்ததோ 63 ஆம்பியர் எம்சிபி. தட்டாமல் என்ன செய்யும்? தட்டியதால்தான் பிழைத்தோம் என்றார்.

அப்புறம் எர்த் பிட், அதாவது மின்கசிவைத் தரைக்குள் இறக்க, கரியும் உப்பும் போட்டுப் பைப் பதிக்கும் குழி. பில்லில் இரண்டு இருந்தது. ஷெட்டின் கிழக்கு மூலையில் ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. மற்றது 'தரைக்கு அடியில் மூடியிருக்கு' என்றார் ஒப்பந்தக்காரர். எங்கே என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தைக் காட்டினார். கடைசியாகக் காட்டிய இடத்தில் உறுப்பினர்கள் முன்னிலையில் கடப்பாரை போட்டோம். கரியும் இல்லை, உப்பும் இல்லை, பைப்பும் இல்லை. செங்கல் ஜல்லி வந்தது. அவரும் அங்கேதான் நின்றார். 'ஆளுங்க ஏமாத்திட்டானுங்க சார்' என்றார்.

ஜிஎஸ்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். சுவரில் மாட்டிய சார்ஜர் பெட்டிகளுக்கு 2019 ஆகஸ்டிலிருந்து வரி 5 சதம்தான். ஒப்பந்தக்காரர் மொத்தத்தையும் வொர்க்ஸ் கான்ட்ராக்ட் (பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தம்) என்று ஒரே பில்லாகப் போட்டு 18 சதம் கேட்டார். சார்ஜரைத் தனி பில்லாகக் கொடுங்கள் என்றோம். கொடுத்தார். வரி 5 சதம் ஆகியிருந்தது, சார்ஜர் விலை குறைந்த வரியின் அளவுக்கு ஏறியிருந்தது! மூன்றாவது பில்லில்தான் கொட்டேஷன் விலையும் சரியான வரியும் ஒன்றாக வந்தன.

கடைசித் தவணை 50,000 ரூபாயை நிறுத்தி வைத்தோம். ரிப்பேர் வேலைக்கு ஆன மொத்தம் 38,000. அதில் பேஸ் பிரித்தது, சாக்கெட் மாற்றியது, இரண்டாவது எர்த் பிட் ஆகியவற்றுக்கு 17,000. அதைப் பிடித்துக்கொண்டு 33,000 கொடுத்துக் கணக்கை முடித்தோம். 38,000-ஐயும் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கிறார்கள். மீதி 21,000 மெயின் கேபிளைப் பெரிதாக்கிய செலவு. நாளைக்கு நான்கு பாயின்ட் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும் என்று நாமாக மாற்றியது, கொட்டேஷனில் இல்லாதது. அதையும் அவர் தலையில் கட்டினால் நாமும் அவர் செய்த வேலையைத்தான் செய்கிறோம். போலீசுக்குப் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம் என்றவர்களுக்கு: போகலாம். வழக்கு முடியும் வரை 22 வண்டியும் எங்கே சார்ஜ் போடுவது?

திட்ட மதிப்பு 6,40,000. ஆனது 7,18,000. கூடுதல் 78,000-இல் கேபிள் 21,000 போக, தரையை ஒரு அடி உயர்த்தியது 31,000, இணைப்புக்காக ரோட்டை வெட்டி மூடியது 26,000. தரையை உயர்த்தியது வீண் செலவு என்று சொல்பவர்கள் 2024 அக்டோபர் 25 மழையை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அன்றைக்கு மதுரையில் பந்தல்குடி வாய்க்கால் பெருகிச் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம்தான் சவாரி போய்ப் பார்த்தோம். தண்ணீரில் மிதக்கும் சாக்கெட்டில் யார் கை வைப்பது?

வரவு: உறுப்பினர் பங்கு ஆளுக்கு 20,000 வீதம் 22 பேர், 4,40,000. நன்கொடை 2,35,000. சங்க நல நிதியிலிருந்து கடன் 43,000. இந்தக் கடன் சார்ஜ் கட்டணத்திலிருந்து மாதாமாதம் திரும்பக் கட்டப்படும்.

நன்கொடையாளர்களின் பெயரை இங்கே எழுதினால் முன்னே பின்னே என்று இன்னொரு சண்டை வரும். ஷெட் சுவரில் அகர வரிசையில் பெயின்ட் அடித்தாகிவிட்டது. ஆனாலும் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது: தகரம் முழுவதையும் அடக்க விலைக்குக் கொடுத்த இரும்புக்கடை முதலாளி, ஸ்டாண்டு டீக்கடை அண்ணாச்சி, பூக்கடை அக்கா, மெடிக்கல் ஷாப் தம்பி, தினமும் நம் வண்டியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் பெற்றோர், இட்லிக்கடை அம்மா, டூவீலர் மெக்கானிக் பாய், ஜெராக்ஸ் கடைக்காரர், மனைக்கு மூன்று மாத வாடகையைத் தள்ளிக் கொடுத்த ஆசிரியர், கூலி வாங்காமல் நான்கு ராத்திரி உட்கார்ந்து வயர் மாற்றிய ஃபோர்மேன் அண்ணன். டீக்கடை அண்ணாச்சி கொடுத்த தொகையை அவர் வெளியே சொல்ல வேண்டாம் என்றார். கணக்கு நோட்டில் இருக்கிறது.

சாக்கெட் போர்டுகளில் 'உபயம்' எழுதியதால் ஒரு புதுப் பிரச்சினை. மச்சான் உபயம் செய்த பாயின்டில் எனக்குத்தான் முதல் உரிமை என்று ஒருவர் நிற்கிறார். 12 பாயின்டும் 22 பேருக்கும் பொது. முறை எழுதி ஒட்டியிருக்கிறது. உபயம் யாருடையதாக இருந்தாலும் முறைதான். எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ஒரே சாக்கெட்டில் இரண்டு வண்டி இழுத்தால் அந்த வாரம் சார்ஜ் கிடையாது.

இந்தக் கமிட்டியின் காலம் இத்தோடு முடிகிறது. அடுத்த கமிட்டிக்கு நிற்க எங்களில் யாருக்கும் விருப்பமில்லை. பொதுக்குழு அதற்கு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். கணக்கு நோட்டு, பில் கட்டு, ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்ட தீர்வுக் கடிதம் எல்லாம் செயலாளரிடம் இருக்கின்றன. சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை ஆபீசில் பார்க்கலாம். ஜெராக்ஸ் வேண்டுபவர்கள் காசு அவரவர் கொடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கமிட்டிக்காக, பொருளாளர்