தாசுக்கு, அப்துல் காதர் எழுதுவது

அன்புள்ள தாஸ்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

பேரனுக்கு ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்துவிட்டோம். மகன் என் பெயரையே வைக்கவேண்டும் என்று நின்றான். "அம்பது வருசமா கூப்பிடுறேன், உன் பேருக்கு என்னடா அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறாய். அன்றைக்கே கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

அரபியில் 'அப்து' என்றால் அடிமை. 'காதிர்' என்றால் ஆற்றலுடையவன், அல்லாஹ்வின் 99 திருநாமங்களில் ஒன்று. இடையில் நிற்கும் 'அல்' இரண்டையும் கோக்கிறது. வல்லவனின் அடிமை, அவ்வளவுதான் பொருள். ரமலானில் லைலத்துல் கத்ர் இரவென்று எங்கள் வீட்டிலிருந்து பலகாரம் வருமே, அந்தக் 'கத்ர்' இதே வேரில் பிறந்த சொல். அளவு, விதி, மதிப்பு எல்லாம் அந்த ஒரு வேரில் கிடக்கின்றன. முதல் எழுத்தை உள்நாக்கிலிருந்து எடுக்கவேண்டும் என்று ஓதப் பள்ளியில் ஹஜரத் பாடாய்ப்படுத்துவார். தமிழில் அது சாதுவான 'கா' ஆகிவிட்டது.

இந்தப் பெயர் இவ்வளவு பரவியதற்குக் காரணம் பக்தாதில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி. 1166இல் மறைந்தவர். நம் பக்கத்தில் முகைதீன் ஆண்டவர் என்பது அவரைத்தான். காதர், மைதீன் என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இருப்பது அவர்மேல் உள்ள பிரியத்தால்.

உனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அப்துல் காதிரும் உண்டு. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று வகுப்பில் படித்தோமே, கீழக்கரை வள்ளல், உமறுப்புலவரை ஆதரித்தவர். செய்கு அப்துல் காதிர் என்ற பெயர்தான் தமிழ் நாக்கில் உருண்டு உருண்டு சீதக்காதி ஆனது. எனக்கு இதைவிட அழகான உருமாற்றம் தெரியாது.

அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையை 1832 முதல் 1847 வரை எதிர்த்து நின்றவரும் ஓர் அப்துல் காதிர். பிறகு டமாஸ்கஸில் வாழ்ந்தபோது, 1860 கலவரத்தில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து உயிர் காத்தார். அவர் போரில் இருந்த காலத்திலேயே, 1846இல், அமெரிக்காவின் அயோவாவில் புதிதாக உருவான ஊருக்கு அவர் நினைவாக 'எல்காடர்' என்று பெயர் வைத்தார்கள். பாசத்தோடு வைத்த பெயர்தான், ஆனால் 'அப்து' விழுந்துவிட்டது. அடிமை போய், வல்லவன் மட்டும் மிச்சம்.

எனக்கு நேர்ந்ததும் அதுதான். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தவர் பெயரை இரண்டாக வெட்டி இரண்டு கட்டத்தில் போட்டார். வெளிநாட்டு விமான நிலையத்தில் "மிஸ்டர் அப்துல்" என்று கூப்பிட்டார்கள். யாருடைய அடிமை என்று சொல்லாமல் பாதியில் நின்றது பெயர். வலித்தது, தாஸ்.

உன் பெயரை யோசித்தேன். ராமதாஸ். அதுவும் அடிமைதான்! ஒரே பொருளைத்தான் நம் இரண்டு வீட்டிலும் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் உன்னைக் கூப்பிட்டபோது கடவுளை விட்டுவிட்டு அடிமையை வைத்துக்கொண்டோம். என்னைக் கூப்பிட்டபோது அடிமையை விட்டுவிட்டுக் கடவுளை வைத்துக்கொண்டீர்கள். இத்தனை வருஷம் ஒரே பெஞ்சில் இருந்தும் இது இப்போதுதான் கண்ணில் படுகிறது.

வீட்டில் பேரனை அதற்குள் "காதரு" என்று கொஞ்சத் தொடங்கிவிட்டார்கள். நான் மட்டும் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறேன். திரும்பிப் பார்க்கிறான். கால் தேறியதும் தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வா. குழந்தைக்குத் தொட்டில் கட்டும்போது நீ இருக்கவேண்டும்.

உன்
அப்துல் காதர்