வெள்ளம் தாங்கும் நெல்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

லாஸ் பான்யோஸ், பிலிப்பைன்ஸ்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நலம். இங்கேயும் மூன்று வேளையும் சோறுதான். புளி போட்டு சினிகாங் என்று ஒரு மீன் சாறு வைக்கிறார்கள், நம் வாய்க்கு ஒத்துப்போகிறது. அம்மா கவலைப்பட வேண்டாம்.

அப்பா, வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் நெல் ரகமான சி.ஆர். 1009 சப்-1 பற்றி, "அது மரபணு மாற்றின விதையா?" என்று கேட்டீர்களே, போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். மரபணு மாற்றினது இல்லை. நெல்லோடு நெல்லைக் கலந்து எடுத்ததுதான்.

ஒடிசாவில் எஃப்.ஆர். 13ஏ என்று ஒரு பழைய ரகம். விளைச்சல் சுமார்தான், ஆனால் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துவிடும். மற்ற நெல் மூழ்கியதும் தண்ணீருக்கு மேலே வரப் பார்த்து மளமளவென்று நீள்கிறது. இருக்கிற சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்து, தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வயலில் பார்த்ததுதானே. அந்த ஒடிசா நெல்லோ வளராமல் அடங்கிக் கிடந்து, வடிந்த பிறகு துளிர்க்கிறது. அப்படி அடக்கி வைக்கிற மரபணு சப்1ஏ என்பது 2006இல் வெளியானது. இங்குள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைக் கலப்பு மூலம் ஸ்வர்ணா என்ற நெல் ரகத்துக்குக் கொண்டுவந்தது. 2009இல் இந்தியாவில் அந்த ரகம் வெளிவந்தது. அப்புறம்தான் நம் சி.ஆர். 1009 ரகத்துக்கும் அந்த மரபணு வந்தது.

கலப்புச் செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். பூ விரியும் முன்பே உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டு, கதிரைக் காகிதப் பையால் மூடுவோம். மறுநாள் மற்ற ரகத்தின் மகரந்தத்தை அதன்மேல் உதிர்ப்போம். வரும் நாற்றில் எதற்குத் தாங்கும் குணம் இருக்கிறது என்று மூழ்கடித்துப் பார்க்க வேண்டியதில்லை. நகமளவு இலையைக் கிள்ளி டி.என்.ஏ. எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சின்னவள் மரபியல் எடுக்கலாமா என்று கேட்டாளாம். தாராளமாக எடுக்கட்டும். நெல் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். என் அறைத்தோழி ஜிலேபிக் கெண்டையில் வேலை செய்கிறாள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மீன்களையும் இங்கே வளர்த்தவற்றையும் கலந்து, வேகமாக வளரும் இனத்தை உருவாக்கும் வேலை 1988இல் இந்த நாட்டில்தான் தொடங்கியது. மீனுக்கும் நெல்லுக்கும் பரம்பரைக் கணக்கு ஒன்றேதான். நோயாளியின் ரத்தத்தில் கிருமியைத் தேடுகிறவர்களும் டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கிச் சோதிக்க நாங்கள் வைத்திருக்கிற பி.சி.ஆர். முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

சரி, விதை வாங்கினால் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரடி விதைப்பு செய்து முளைக்கும் முன்பே தண்ணீர் தேங்கினால் இந்தக் குணம் காப்பாற்றாது. மாதக்கணக்கில் நிற்கிற தண்ணீருக்கும் இது ஆகாது. வெள்ளம் வடிந்த அன்றே யூரியா போட்டுவிடாதீர்கள், புது இலை வரட்டும். விதைக்கு வேளாண்மை விரிவாக்க மையத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உங்கள் அன்பு மகள்