குளத்தை எதை வைத்து அளப்பது? எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளிக்குப் பின்னால் உள்ள குளத்தை இந்த ஆண்டும் நம் பிள்ளைகள் வாராவாரம் கவனித்துக் குறிக்கப் போகிறார்கள். போன ஆண்டு அவர்கள் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. ஆனால் கையில் கொடுத்த கருவி சரியில்லை. அதைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான்.

போன ஆண்டு நோட்டில் 'தண்ணீர் எப்படி இருக்கிறது?' என்ற கட்டத்தில் ஒரு பிள்ளை 'கலங்கல்' என்று எழுதியிருக்கிறாள். அடுத்த வாரம் போனவன் 'கொஞ்சம் கலங்கல்'. அதற்கடுத்த வாரம் 'பச்சை, பரவாயில்லை'. மூவரும் பார்த்ததைத்தான் எழுதினார்கள். ஆனால் குளம் தெளிகிறதா, கெடுகிறதா என்று இதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நடுவில் ஒரு செல்போன் செயலியும் வைத்துப் பார்த்தோம். மறுகால் பக்கம் சிக்னல் கிடையாது. அனுப்பிவிட்டோம் என்று பிள்ளைகள் நினைத்த பதிவுகள் வந்து சேரவே இல்லை.

அதனால் இந்த முறை கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நமக்கு என்ன தெரிய வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து எழுதினோம். தண்ணீரின் தெளிவு மாறுகிறதா, மழைக்கும் குளத்து மட்டத்துக்கும் என்ன தொடர்பு, எந்தப் பறவை எப்போது வருகிறது. இந்த மூன்றும்தான் நின்றன.

தெளிவைப் பார்க்க செக்கி தட்டு. 1865-ல் அஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடல்நீரில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த முறை இது. குளங்களுக்கு 20 செ.மீ. குறுக்களவுள்ள தட்டு போதும். பெயின்ட் வாளி மூடியை அந்த அளவுக்கு வெட்டி, நான்கு பாகமாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்திருக்கிறோம். அடியில் ஒரு இரும்பு நட்டு, மேலே 5 செ.மீ.க்கு ஒரு சிவப்புக் கோடு போட்ட கயிறு. படித்துறையின் நிழல் பக்கத்தில் மெல்ல இறக்க வேண்டும். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம் ஒன்று, தூக்கும்போது திரும்பத் தெரியும் ஆழம் ஒன்று. இரண்டின் சராசரிதான் அன்றைய கணக்கு. இனி 'கலங்கல்' என்ற இடத்தில் ஒரு எண் இருக்கும். யார் போனாலும் அந்த எண்ணை அடுத்த வாரத்து எண்ணோடு ஒப்பிடலாம்.

பெற்றோர் ஒருவர் டிடிஎஸ் மீட்டர் வாங்கித் தர முன்வந்தார். அவருக்கு மனமார்ந்த நன்றி. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்து, கரைந்திருக்கும் உப்பை மதிப்பிடும் கருவி அது. சாக்கடைக் கிருமி அதில் தெரியாது. எண் குறைவாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டால் என்ன செய்வது? பழையாறு கடலில் சேரும் மணக்குடியில், உப்புநீர் எவ்வளவு தூரம் ஏறி வருகிறது என்று பார்ப்பவர்களுக்கு அது நல்ல கருவி. நம் கேள்விக்கு அது பதில் சொல்லாது.

குளத்து மட்டத்துக்குச் செலவே இல்லை. படித்துறைப் படிகளில் பெயின்டால் எண் போட்டிருக்கிறோம். எந்தப் படி வரை தண்ணீர் என்று எழுதினால் போதும். மழைமானியைத் தினமும் காலை 8.30-க்குப் பார்க்க வேண்டும், வானிலைத் துறை பார்க்கும் அதே நேரத்தில். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்துப் பார்ப்பார்கள்.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிற அப்பா, அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். மழையால் வெட்டு நின்ற நாளை வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். கும்பப்பூ நெல் சாகுபடிக்கு மடை திறந்த நாளையும் வயல்காரர்கள் குறித்துவைக்கலாம். அந்தக் காலண்டரும் நமக்கு ஒரு கருவிதான்.

அடுத்தது பறவை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததை அறிவீர்கள். நம் குளம் சின்னதுதான், ஆனால் கூழைக்கடாவும் நாரையும் எல்லை பார்த்து இறங்குவதில்லை. எத்தனை நிமிடம் நின்று எதை எத்தனை பார்த்தோம் என்று நோட்டில் எழுதி, பள்ளிக் கணக்கிலிருந்து இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஆசிரியர் ஏற்றுவார். கூடு இருக்கும் இடத்தை மட்டும் வெளியிட மாட்டோம்.

மற்ற கணக்கும் முதலில் நோட்டில்தான் ஏறும். நோட்டுக்கு சார்ஜும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம், தாத்தா பாட்டியும் வாசிக்கலாம். அப்புறம் ஆசிரியர் அதைக் கோபோ டூல்பாக்ஸ் என்ற தகவல் சேகரிப்புச் செயலியின் படிவத்தில் பதிவார். சிக்னல் இல்லாவிட்டாலும் போனிலேயே இருந்து, கிடைத்ததும் போகும். முழுத் தகவலையும் எக்செல் கோப்பாக நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். கிராம சபையில் யார் கேட்டாலும் காட்ட நம் கையில் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பிள்ளைகள் போன் கொண்டுவர வேண்டியதில்லை. எந்தப் பதிவிலும் அவர்கள் பெயரோ படமோ வராது. தண்ணீருக்குள் யாரும் இறங்க மாட்டார்கள். தட்டை இறக்கும்போது பெரியவர்கள் இருவர் படித்துறையில் நிற்க வேண்டும். அந்த இருவர் இல்லாத சனிக்கிழமை அளவெடுப்பும் இல்லை.

காலை 8 மணி முதல் ஒன்பதரை வரைதான். அம்மா, அப்பா, மாமா, பாட்டி, யார் வந்தாலும் சரி. உங்களுக்கு எந்த வாரம் வசதி என்று இத்துடன் உள்ள தாளில் குறித்து, கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்