ஸ்கூலி டி பெயர் எங்கே?

கிளீவ்லாந்து ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பரிந்துரைக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் புகழ் மண்டபத்துக்கான இன்னொரு பரிந்துரைப் பட்டியலும் வந்துவிட்டது. இதிலும் ராப் பாடகர் ஸ்கூலி டி இல்லை. முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் ஆனவருக்குத் தகுதி உண்டு என்பது நீங்கள் வகுத்த விதி. அவருடைய 'பி.எஸ்.கே.' பாடல் வந்தது 1985இல்.

ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ.வை 2016இல் சேர்த்தீர்கள், ராப் பாடகர்களான டூபாக்கை 2017இல், நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யை 2020இல். மூன்றும் நியாயமே. ஆனால் தெருக் கும்பல் வாழ்வைப் பாடும் அந்த ராப் பாதையை வெட்டியவர் யார்? மேற்கு ஃபிலடெல்ஃபியாவின் பார்க்சைடு தெருக் கும்பலை, அதன் பேச்சு மாறாமல், எதிரொலிக்கும் முரட்டு டிரம் இயந்திரத் தாளத்தின் மேல் ஏற்றிப் பாடியவர் ஸ்கூலி டி. அதைக் கேட்டுத்தான் தன் பாணி பிறந்தது என்று ராப் பாடகர் ஐஸ்-டி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஸ்கூலி டி பெரிய நிறுவனத்தின் துணையின்றித் தானே இசைத்தட்டு வெளியிட்டார். உறைக்கான படத்தையும் தானே வரைந்தார்.

என்னால் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. ராக் குழுவான லெட் செப்பலினின் இசைத் துணுக்கை அவர் ஒரு பாடலில் பயன்படுத்தினார். அந்தப் பாடல் 1992இல் இயக்குநர் ஏபல் ஃபெராராவின் படத்தில் இடம்பெற்றது. வழக்கு வந்தது, படத்தின் பிந்தைய பிரதிகளிலிருந்து பாடல் நீக்கப்பட்டது. உரிமை லெட் செப்பலின் தரப்பினுடையது, அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் 'பி.எஸ்.கே.' தாளத்தை நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. எடுத்தாண்டார், பிரிட்டனின் ராக் குழு சூக்ஸி அண்ட் த பான்ஷீஸ்கூட 1991இல் எடுத்தாண்டது. ஸ்கூலி டி எடுத்தது மட்டும் கணக்கில் வருகிறது, அவரிடமிருந்து எடுத்தது வருவதில்லை. லெட் செப்பலின் 1995 முதல் உங்கள் மண்டபத்தில் இருக்கிறது. ஸ்கூலி டி-யின் பெயரையாவது அங்கே எழுதி வைக்கக் கூடாதா?

வரிகளில் துப்பாக்கியும் வசையும் இருப்பது உண்மை. அதுதான் தடை என்றால் என்.டபிள்யூ.ஏ. எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது? விற்பனைதான் அளவுகோல் என்றால் அதையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். கறுப்பின இசையில் முதலில் தொடங்கியவர் மறக்கப்படுவதும், பின்னால் வந்தவர் கோடிகள் சேர்ப்பதும் புதிதல்ல. அந்த வரலாற்றைத் திருத்தவே உங்கள் அமைப்பு இருக்கிறது என்று நம்பியவர்களில் நானும் ஒருவன்.

கடுமை மிகுந்திருந்தால் பொறுத்தருளுங்கள். வாக்கெடுப்பில் அவர் வெல்வது கடினம் என்பதை அறிவேன். ஆனால் இசைத் தாக்கத்துக்கென நீங்கள் தரும் விருதுக்கு அந்த வாக்கெடுப்பே தேவையில்லை. ஜெர்மன் மின்னணு இசைக் குழு கிராஃப்ட்வெர்க்குக்கு 2021இல் அப்படித்தான் தந்தீர்கள், ஹிப்ஹாப் முன்னோடி கூல் ஹெர்க்குக்கு 2023இல். அடுத்த ஆண்டு அதை ஸ்கூலி டி-க்குத் தாருங்கள். அவர் நேரில் வந்து வாங்கிக்கொள்ளும் காலத்திலேயே தாருங்கள் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ராப் ரசிகன்