முயலுக்கு இருட்டுத் தொழுவம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முயல் வளர்ப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை தீவனத்தையும் இறைச்சி விலையையும் விரிவாகச் சொன்னது. கொட்டகைக்கு இரண்டே வரிதான். எங்கள் குலசேகரம், திருவட்டார் பக்கம் மாட்டை விற்றவர்கள் சும்மா கிடக்கும் தொழுவத்தில் முயல் விடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ரப்பர் மரநிழலில், தாழ்ந்த கூரையும் ஒற்றை ஜன்னலுமாகக் கட்டிய தொழுவத்தை அப்படியே முயலுக்குக் கொடுத்தால் நோய்தான் வரும்.

முதலில் தரை. சிமென்ட் தரையில் மூத்திரம் தேங்கி அம்மோனியா நெடி கிளம்பும். தரையோடு கிடக்கும் முயலுக்குத்தான் அது முதலில் ஏறும். தும்மல், சளி எல்லாம் அங்கே ஆரம்பிக்கும். ஈரத்தில் கழிச்சல் கிருமியும் பெருகும். கூண்டை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அடியில் வெல்டிங் செய்த கனமான கம்பி வலை போட வேண்டும். வலைக்கண் அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலம் போதும். பெரிதானால் குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். மலிவு என்று கோழி வலை வாங்குகிறார்கள். அந்த மெல்லிய கம்பி தொய்ந்து பாதத்தை அறுத்துவிடும். நாய், பூனைக்கு இருப்பதுபோல் முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது, ரோமம் மட்டுமே. அது தேய்ந்தால் புண். புண் வந்த முயல் சரியாகத் தின்னாது, இணையும் சேராது. நல்ல வலை போட்டாலும் ஒரு மூலையில் உட்கார மரப்பலகை வையுங்கள், அதைக் கழுவி வெயிலில் காயவைத்து மாற்றிப் போடுங்கள்.

வெளிச்சத்தை யாரும் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. பெண் முயல் ஒழுங்காகச் சினை பிடிக்க நாளுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் நல்லது. நம் மாவட்டத்தில் ஆண்டு முழுக்கப் பகல் சுமார் 12 மணி நேரம்தான். ஆனியிலும் ஐப்பசியிலும் மழை மூட்டத்தில் அதுவும் மங்கல். சினை நிற்கவில்லை என்று ஆண் முயலை மாற்றுகிறவர்கள், அந்தி சாய்ந்தபின் சில மணி நேரம் ஒரு விளக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அப்புறம் அணைத்துவிட வேண்டும், இருட்டும் அதற்குத் தேவை.

நேர் வெயில் மட்டும் கூண்டில் விழக் கூடாது. வெள்ளை முயலின் சிவந்த கண் கூசும். சூட்டைக் காது வழியாகத்தான் அதிகம் வெளியேற்றும் என்பதால் 30 டிகிரி தாண்டினாலே மூச்சு வாங்கும். சுவரின் மேல்பாதியை எடுத்து வலை அடித்தால் காற்றும் வரும், மரநாயும் நுழையாது. சாரலுக்குச் சாக்குப் படுதா, தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் பழைய தொழுவத்தை மாற்றும் விதத்தைப் படத்தோடு வெளியிடுங்கள். மழை ஓய்ந்ததும் குட்டி வாங்க இங்கே பலர் காத்திருக்கிறார்கள். அதற்கு முன் வந்தால் பேருதவி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்